மண்ணுக்குள் ஓர் ஊருணி

நிலத்திற்கு வேலி உண்டு. நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. ஒருவர் தம் மனையில் ஆழ்துளைக் கிணறு அமைத்து நீர் இறைக்கும்போது, அதனைச் சுற்றிலும் நீர்மட்டம் கூம்பு வடிவில் தாழ்கிறது. இறைப்பு மிகுந்தால் அக்கூம்பு விரிந்து அடுத்த மனையையும் எட்டுகிறது. அங்குள்ள பழைய திறந்த கிணற்றில் வாளி தரைதட்டும் நிலை உண்டாகலாம். ஆகவே, கிணற்றை எங்கே தோண்டுவது, எவ்வாறு அமைப்பது என்பது ஒரு வீட்டாரின் விருப்பம் மட்டும் அன்று. ஊரார் அனைவரின் நலனும் அதில் அடங்கியுள்ளது.

கமலையும் மோட்டாரும்

1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், தம் நிலத்தின் அடியிலுள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலவுடைமையாளருக்கு ஏற்றுக்கொண்டது. ஏற்றத்தாலும் கமலையாலும் நீர் இறைத்த காலம் அது. மாடு களைத்தால் இறைப்பு நின்றது. கிணறும் மீண்டும் ஊறியது. மின்மோட்டாரோ களைப்பதில்லை. எனவே, மாநிலங்கள் புதிய விதிகளை வகுத்தன.

மகாராட்டிரத்தின் 1993ஆம் ஆண்டுச் சட்டம், பொதுக் குடிநீர் ஆதாரத்திலிருந்து 500 மீட்டருக்குள் புதிய கிணறு தோண்டுவதைக் கட்டுப்படுத்தியது. கழிவுநீர்க் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 7.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கின்றன கேரளக் கட்டட விதிகள். கர்நாடகத்தில் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட பகுதிகளில் கிணறு தோண்ட முன் அனுமதி பெற வேண்டும். முதல் விதி ஊராரின் பங்கையும், இரண்டாம் விதி உடல்நலத்தையும், மூன்றாம் விதி நாளைய நீரையும் காக்கின்றன.

மூடப்படாத குழிகள்

2006ஆம் ஆண்டு அரியானாவின் குருச்சேத்திர மாவட்டத்தில், ஆழ்துளைக் குழிக்குள் விழுந்த சிறுவன் ஏறத்தாழ இரண்டு நாள் போராட்டத்திற்குப் பின் மீட்கப்பட்டான். இத்தகைய துயரங்களைத் தடுக்க, 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவான நெறிமுறைகளை வழங்கியது. கிணறு தோண்டுவதற்குப் பதினைந்து நாள்களுக்கு முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். பணி நடக்கும் இடத்தில் வேலியும் அறிவிப்புப் பலகையும் வைக்க வேண்டும். குழாயின் வாயை உறுதியாக மூட வேண்டும். கைவிடப்பட்ட குழியை அடிமுதல் தரைமட்டம்வரை நிரப்ப வேண்டும்.

இவ்விதிகள் வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2019இல், தமிழ்நாட்டின் மணப்பாறை அருகே கைவிடப்பட்ட குழியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. பல நாள் முயன்றும் அக்குழந்தையைக் காப்பாற்ற இயலவில்லை. அங்கு விதி இருந்தது, மூடிதான் இல்லை. தாளில் மட்டும் வாழும் விதி எவர் உயிரையும் காக்காது.

எளியோருக்கான காவல்

“என் நிலம், என் பணம், என் கிணறு, இதில் பிறர் தலையிடுவது ஏன்?” என்று கேட்போர் உண்டு. அனுமதிக்காகப் பலமுறை அலைய நேர்கிறது என்பது அவர்களது குறை. அக்குறையில் உண்மையும் உண்டு. பயிர் வாடும் வேளையில் சிறு உழவரை மாதக்கணக்கில் காக்க வைக்கும் அலுவலகம், விதியை மீறவே அவருக்குக் கற்றுக்கொடுக்கிறது. ஆனால், அதற்குத் தீர்வு விதியை நீக்குவது அன்று. விதியை எளிமையாக்குவதே ஆகும். அனுமதி விரைவாகக் கிடைக்க வேண்டும். விதிகள் அந்தந்த ஊர் மக்களின் மொழியில் ஊராட்சி, நகராட்சி அலுவலகங்களில் எழுதி வைக்கப்பட வேண்டும். துளையிடும் வண்டிக்காரரும் குழியை மூடும் பொறுப்பை ஏற்க வேண்டும்.

விதியே இல்லையெனில், ஆழமாகத் தோண்டப் பணம் உள்ளவருக்கே நீர் என்றாகிவிடும். 2024ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வறண்டன. அந்நாள்களில் மக்கள் குடங்களுடன் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்ததை நாடே கண்டது.

ஊர் மக்கள் உண்ணும் நீர்நிலையைத் தமிழர் ‘ஊருணி’ என்றனர். அதன் கரையில் எவரும் வேலி கட்டி உரிமை கொண்டாடியதில்லை. அதில் அழுக்குச் சேர்ப்பதை ஊர் பொறுத்ததும் இல்லை. நிலத்தடி நீரும் கண்ணுக்குப் புலப்படாத ஊருணியே. கிணறு ஒருவருடையதாக இருக்கலாம். அதில் ஊறும் நீர் ஊருக்கு உரியது. கிணற்று விதிகளை மதிப்பது, அண்டை வீட்டாரின் தாகத்தை மதிப்பதாகும்.