பெயரைச் சொன்னதற்கா சிரிப்பது?

மந்திரவாதி, டிராகன், குள்ளர் படை என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேசியே ஆடும் ஆட்டங்களை நம் பிள்ளைகளும் இப்போது ஆடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வந்திருக்கிறது. ஒரு பிள்ளை ஏதோ ஒரு பெயரைத் தடுமாறிச் சொல்லிவிட்டால் போதும், "இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு சிரிப்பு.

சிரிப்பவர்களைக் கேட்கிறேன். இல்லாத ஊரில் இல்லாத ஆளுக்கு வைத்த பெயரை இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? பெரும்பாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆங்கிலம் படித்த பழக்கத்தில் நாக்கு போகிறது. அதையே விதி என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

விதி இருக்கும் இடத்தைப் பாருங்கள். டோல்கீன் தன் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையின் பின்னிணைப்பில் உச்சரிப்பு முறையை எழுதியே வைத்திருக்கிறார். அந்த மூன்றாம் பாகம் வந்தது 1955-ல். எல்ஃப் பெயர்களில் 'சி' என்ற ஆங்கில எழுத்து எங்கே வந்தாலும் ககர ஒலிதான். ஆகவே செலபோர்ன் இல்லை, கெலெபோர்ன். ஆங்கிலப் பழக்கத்தை நம்பிச் சிரித்தவர் இங்கே தோற்றுப் போகிறார்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் வெளிவந்தது. பதினோரு வருடம் கழித்து, 1985 ஜனவரி 'டிராகன்' இதழில், ஃபிராங்க் மென்ட்சர் அந்த ஆட்டத்துச் சொற்களுக்கு ஓர் உச்சரிப்புப் பட்டியலே போட வேண்டியிருந்தது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட ஆட்டக்காரர்களுக்கே பட்டியல் தேவைப்பட்டிருக்கிறது! நம் பிள்ளை தடுமாறினால் மட்டும் என்ன குற்றம்?

வீடியோ கேமிலும் இதே கதைதான். 2001-ல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி' பத்தாம் ஆட்டத்தின் நாயகன் பெயரை ஆடுபவரே மாற்றிக்கொள்ளலாம். அதனால் குரல் நடிகர்கள் அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பலரும் 'டைடஸ்' என்றார்கள். ஜப்பானிய மூலத்தில் அவன் 'டீடா'. ஒகினாவா மொழியில் சூரியன் என்று பொருள். 'டைடஸ்' என்று சொல்லும்போது அந்தச் சூரியன் காணாமல் போய்விடுகிறது.

"அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் சொல்லலாமா, ஐயா?" என்று கேட்பீர்கள். கூடாது. பெயரை உண்டாக்கியவர் முறை சொல்லியிருந்தால் அதன்படி சொல்லுங்கள். பாத்திரத்தை உங்கள் நண்பனே உருவாக்கியிருந்தால் அவனைக் கேளுங்கள், அவன்தான் ஆசிரியன். இரண்டும் இல்லையென்றால் ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் பேசி ஒன்றை முடிவு செய்யுங்கள். முடிவானதைத் தமிழில் எழுதி வையுங்கள். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று ஆங்கில எழுத்து காட்டாததை நம் எழுத்து காட்டும். ககரம் எங்கே அழுத்தி ஒலிக்கும், எங்கே மென்மையாக ஒலிக்கும் என்பதை மட்டும் ஒருமுறை வாயால் சொல்லிக் காட்டிவிடுங்கள்.

இது பேசி ஆடும் ஆட்டம். பேசக் கூச்சப்பட்டால் ஆடவே முடியாது. கேலிக்கு ஆளான பிள்ளை அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லாது. அப்புறம் "அவன்", "அந்த ஆள்" என்று சமாளிக்கும். அதற்கடுத்த வாரம் மேசைக்கே வராது. வகுப்பறையில் இப்படி வாய் மூடிப்போன பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். விளையாட்டிலாவது அவர்கள் பேசட்டும்.

தெரிந்தால் சொல்லிக் கொடுங்கள். தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். சிரிக்காதீர்கள்.