கையெழுத்துக்கு மட்டும் என்ன அவசரம்?

காலில் கம்பி வைத்த வலி அடங்குவதற்குள் கட்டிலோரம் ஒரு ஆள் வந்து நிற்கிறான். கையில் ஃபைல், வாய் நிறைய அண்ணே. பெயரும் வார்டும் அவனுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. "லோயருக்கு இப்ப ஒரு காசும் வேணாம்ணே, கேஸ் ஜெயிச்சா அதுல எடுத்துக்குவாரு. இங்க ஒரு சைன் மட்டும் போடுங்க." சிரம்பான் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இப்படி வக்கீலுக்கு ஆள் பிடிக்கிற ரன்னரைத் தெரியாதவர் கிடையாது. ரந்தாவ், சிலியாவ், லிங்கி, அந்தப் பக்கம் பகாவ், எங்கே மோட்டார் சைக்கிள் லோரியில் மோதினாலும் சொந்தக்காரர்களுக்கு முன்னால் அவன் வந்துவிடுகிறான். ஜெயித்தால்தான் பணம் என்று பேசி வழக்கறிஞர் வழக்கு எடுப்பதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டமே தடுக்கிறது. யார் அதைப் பார்க்கிறார்கள்?

அவன் வருவதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோமே, அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு மூட்டை அரிசி வாங்கினால் நாலு கடை விசாரிக்கிற ஆள், தன் காலுக்கான காகிதத்தில் எங்கே காட்டினாலும் போட்டுவிடுகிறார்.

என் மச்சானுக்கு நடந்ததைச் சொல்கிறேன். விடியற்காலை, வெளிச்சம் வரவில்லை. வேலைக்குப் போகிற வழியில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறி, இடது காலை முட்டிக்குக் கீழே நொறுக்கிவிட்டது. விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்ய வேண்டும். லோரி டிரைவர் அன்றே போய்த் தன் பக்கத்தைச் சொல்லிவிட்டான். மச்சான் ஆபரேஷன் தியேட்டரில். அவர் எழுந்து உட்கார்ந்து ரிப்போர்ட் கொடுத்தபோது, "திடுதிப்புன்னு வந்துச்சு, பார்க்கவே முடியல" என்றுதான் சொன்னார். மலாயில் தட்டெழுத்தான தாளில் இருந்தது வேறு: லோரி வந்ததை நான் கவனிக்கவில்லை. வாசித்துப் பார்க்காமல் கீழே கையெழுத்து. பிறகு இன்சூரன்ஸ் பக்கத்து வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பாதித் தவறு உங்களுடையது என்றார். பாதித் தவறு என்றால் பணத்திலும் பாதி போச்சு.

இதைவிட எரிச்சல், லயத்துக்கு லயம் உலவுகிற ஒரு பேச்சு. சொக்சோ வாங்கினால் லோரிக்காரன் மேல் கேஸ் போட முடியாதாம்! யார் கிளப்பிவிட்டது இதை? 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி வந்த சொக்சோ, வேலையிலும் வேலைக்குப் போய்வரும் வழியிலும் அடிபட்டால் கொடுக்கிறது. மருத்துவ விடுப்பு (எம்.சி.) நாட்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு, நிரந்தர ஊனம் என்றால் அதற்குத் தனிக் கணக்கு. அந்தச் சட்டம் தடுப்பது முதலாளி மேலும் உடன் வேலை செய்கிறவர் மேலும் வழக்குப் போடுவதைத்தான். வெளி லோரிக்காரன் மேல் போட ஒரு தடையும் இல்லை. அவனுடைய இன்சூரன்ஸ் ஒரு வழி, சொக்சோ வேறு வழி. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை விட்டவர்கள் எங்கள் லயத்திலேயே எத்தனை பேர்!

சொக்சோவிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. வேலைக்குப் போகும் வழி என்றால் நேர் வழி. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட வண்டியைத் திருப்பி, அந்தத் திருப்பத்தில் அடிபட்டால் வழி விலகிவிட்டாய் என்று சொல்ல இடமிருக்கிறது. தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருந்த காலத்தில் பிள்ளை நடந்து போனது. பள்ளியை டவுனுக்கு மாற்றிய பிறகு அப்பா வண்டியைத் திருப்பாமல் என்ன செய்வார்?

குலை வெட்டுவது இப்போது பாதிக்குக் காண்ட்ராக்ட். டன் கணக்கில் கையில் காசு. சம்பளச் சிலிப் கேட்டால் அடுத்த மாதம் வேலை இருக்காது. "சொக்சோ கட்டலையே, நமக்கு எங்க கிடைக்கும்" என்று ஆட்களும் அடங்கிவிடுகிறார்கள். காண்ட்ராக்டர் ஆளுக்கும் தோட்டமே முதலில் சந்தா கட்ட வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருப்பதை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அந்தச் சிலிப்பின் விலை கோர்ட்டில்தான் தெரியும். 40 வயது ஆள், இனி வேலையே செய்ய முடியாது என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் கணக்குப்படி 60இல் 40ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் 10 வருஷச் சம்பளம். மாதம் 1,700 வெள்ளிக்குச் சிலிப் இருந்தால் 2,04,000 வெள்ளி. காண்ட்ராக்டர் 1,000 வெள்ளிதான் எழுதிக் கொடுத்திருந்தால் 1,20,000. ஒரு துண்டுத் தாளில் 84,000 வெள்ளி போகிறது. இந்த 60ம் 2019 செப்டம்பர் முதல் தேதியிலிருந்துதான். அதற்கு முன் 1984ஆம் ஆண்டுத் திருத்தப்படி 55. அறுபதைத் தாண்டியும் மருந்தடிக்கிற, உரம் போடுகிற பெரியவர்கள் நம் தோட்டங்களில் இல்லையா? அவர்கள் கை போனால் வருங்காலச் சம்பளம் என்று ஒரு காசு கிடையாது. வலிக்கும் காயத்துக்கும் செலவுக்கும் மட்டும் கொடுப்பார்கள். வீட்டு வேலை மட்டும் பார்க்கிற பெண்ணுக்கும் அதே கதி. சம்பாதித்துக்கொண்டிருந்தவருக்குத்தான் சம்பள நஷ்டம் என்கிறது சட்டம். அவள் சமைத்து, துவைத்து, மாமியாரைத் தூக்கி உட்கார வைத்ததெல்லாம் உழைப்பில் சேராதா?

செலவுக் கணக்கும் அப்படித்தான். செலவழித்த ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது வேண்டும். மச்சானை மருந்து கட்டக் கூட்டிப்போக, அவர் மனைவியான என் தங்கச்சி ஒவ்வொரு முறையும் தோட்டத்து வேன் பிடித்தாள். வேன்காரர் எங்கே ரசீது தருவார்? பிறகு நான்தான் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, தேதி, தொகை எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கச் சொன்னேன். அதற்குள் பாதிச் செலவு கணக்கில்லாமல் போய்விட்டது.

கடைசியில் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து செட்டில்மெண்ட் தாள் வந்தது. முழுக்க ஆங்கிலம். தொகையைப் பார்த்ததும் மச்சானுக்குக் கை பரபரத்தது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது வேறென்ன செய்யும்? நான் பிடிவாதம் பிடித்து, டவுனில் ஒரு வாத்தியாரிடம் வாசிக்கச் சொன்னேன். இத்துடன் எல்லாம் தீர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இருந்தது. காலுக்குள் இருக்கும் கம்பியை எடுக்க இன்னொரு ஆபரேஷன் பாக்கி. போட்டிருந்தால் அந்தச் செலவு அவர் தலையில். "சண்டை போட்டா இருக்கிறதும் போயிடும் மச்சான், விடுங்க" என்று அந்த நிலையிலும் என்னைச் சமாதானப்படுத்துகிறார். வழக்குப் போட ஆறு வருஷம் அவகாசம் இருக்கிறது, அவசரம் கம்பெனிக்குத்தான், உனக்கில்லை என்று புரியவைப்பதற்குள் என் தொண்டை வற்றிவிட்டது.

ஆள் இறந்துபோனால் மட்டும் அந்த ஆறு இல்லை. குடும்பம் மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பக்கத்து லயத்து அக்கா ஒருவருக்குப் புருஷன் வேலை முடிந்து வரும் வழியில் கார் மோதி இறந்தார். சொக்சோ பென்ஷன் மாதாமாதம் வருகிறது. கிடைப்பது அவ்வளவுதான் என்று இருந்துவிட்டார். கார்க்காரனின் இன்சூரன்ஸில் கேட்கலாம் என்று எங்கள் வீட்டுப் பேச்சில் தற்செயலாகக் காதில் விழுந்து என்னிடம் ஓடிவந்தார். நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த நாலு வருஷத்தில் அவர் வாசலுக்குத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்க வந்தார்கள், திருவிழாவுக்கு வசூல் கேட்டு வந்தார்கள், சங்கத்து ஆட்கள் வந்தார்கள். காரியத்தன்று தோட்டத்து ஆபீசிலிருந்து மாலைகூட வந்தது. இதை ஒருவர்கூட அந்த அக்காவிடம் சொல்லவில்லை.