முதலில் கதவு! பிறகுதான் பெயிண்ட்!

தாத்தா ஓட்டிய கார். அப்பா சிறு வயதில் ஏறிப் போன கார். பல வருஷமாகக் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. அதைப் புதுப்பிக்க வீட்டில் முடிவு செய்கிறார்கள். வண்டி பட்டறைக்குப் போகிறது.

உடனே வீட்டில் எழும் முதல் கேள்வி என்ன?

"என்ன நிறம் அடிக்கலாம்?"

தொடக்கமே தவறு! பழைய காரில் முதலில் கவனிக்க வேண்டியது கதவைத்தான். கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவே ஒரு மெல்லிய சந்து ஓடுகிறது. அது மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக இருக்கிறதா? மெல்லத் தள்ளினாலே கதவு மூடிக் கொள்கிறதா? இந்த இரண்டு கேள்விக்கும் "ஆம்" என்று பதில் வரும் வரை பெயிண்ட் டப்பாவைத் திறக்கக் கூடாது.

சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்!

சந்து சொல்லும் சேதி

வீடு கட்டும் தச்சரைக் கேட்டால் ஒன்று சொல்வார். வாசல் நிலை கோணினால் கதவு மூடாது. அப்போது கதவைச் செதுக்கிப் பயன் இல்லை. நிலையைத்தான் நிமிர்த்த வேண்டும்.

காரும் அப்படித்தான்.

அம்பாஸடர் காரை எடுத்துக் கொள்வோம். 2014-ம் ஆண்டு வரை இந்தியாவில் தயாரான வண்டி அது. அதற்குத் தனிச் சட்டம் கிடையாது. தரையும், கூரையும், கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் இரும்புப் பெட்டியும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. மழைத் தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் தங்கினால் துரு ஏறும். துரு தின்றால் வண்டியின் நடுப்பகுதி தொய்ந்து போகும்.

தொய்ந்தால் என்ன ஆகும்? கதவின் இரு பக்கத்துத் தூண்களும் மேலே ஒன்றை ஒன்று நெருங்கும். மேல் சந்து குறுகும். கீழ்ச் சந்து அகலும். கதவு உரசும். ஓங்கி அடித்தால்தான் மூடும்.

இதைக் கண்டும் காணாமல் விட்டால் ஆபத்து. பூட்டின் நாக்கு பாதி மட்டுமே பிடித்திருக்கும். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதோ, வளைவில் திரும்பும்போதோ கதவு திறந்து கொள்ளலாம். பின் இருக்கையில் குழந்தை கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால்? பழைய கார்கள் பலவற்றில் இருக்கை வார் கூட இல்லை! இது அழகு பற்றிய பேச்சு மட்டும் அல்ல. உயிர் பற்றிய பேச்சு.

சென்னையில் பிறந்த 'ஹெரால்டு'

கதவு பொருத்துவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்குச் சென்னைக் கார் ஒன்றே சாட்சி. அதுதான் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'. வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961-ம் ஆண்டு முதல் தயாரானது. இங்கிலாந்தில் 1959-ம் ஆண்டு வெளிவந்த 'டிரையம்ப் ஹெரால்டு' காரின் உடன்பிறப்பு அது. உருவம் தீட்டியவர் இத்தாலி நாட்டு மிக்கெலோட்டி.

இந்தக் காரில் ஒரு விசேஷம். இதன் உடல் பல துண்டுகளாகச் செய்து, போல்ட் போட்டு இணைக்கப்பட்டது. என்ன காரணம்?

கார் உடல் செய்து கொடுத்த 'பிஷர் அண்டு லட்லோ' கம்பெனியை 1953-ம் ஆண்டில் போட்டிக் கம்பெனி ஒன்று வாங்கி விட்டது. முழு உடலையும் ஒரே துண்டாகச் செய்து தர ஆள் இல்லை. ஆகவே தனிச் சட்டம் ஒன்றைச் செய்து, அதன் மேல் துண்டு துண்டாக உடலைப் பூட்டினார்கள்.

முன் பாகம் ஒன்று. பின் பாகம் ஒன்று. கூரை தனி. இரண்டு கதவு ஹெரால்டில் கதவின் கீல் முன் பாகத்தில் இருக்கும். பூட்டு பிடிக்கும் இடமோ பின் பாகத்தில்! இரண்டு பாகங்களில் ஒன்று சற்று நகர்ந்தாலும், சாய்ந்தாலும் கதவு சொன்னபடி கேட்காது.

இப்படிப்பட்ட காரை நட்டு நட்டாகக் கழற்றுவது எளிது. மறுபடி பூட்டுவதில்தான் இருக்கிறது சாமர்த்தியம்!

வரிசை தப்பினால் வம்பு

கதவு பொருத்துவதற்கு ஒரு வரிசை உண்டு.

துருப்பிடித்த அடிப்பெட்டியை வெட்டி எடுக்கும் முன், கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்து முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு இல்லாமல் வெட்டினால், வெட்டிய அன்றே வண்டி மடங்கும். அப்புறம் எந்தக் கதவும் சேராது.

அடுத்தது கீல். கதவைப் பாதி திறந்து, அதன் ஓரத்தைக் கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் ஆடினால் கீலின் ஆணி தேய்ந்திருக்கிறது. முதலில் அதை மாற்ற வேண்டும். தேய்ந்த கீலை வைத்துக் கொண்டு சந்து பார்ப்பது வீண்.

பூட்டு பிடிக்கும் தகட்டையும் கழற்றி விட வேண்டும். அது இருந்தால் தொங்கும் கதவைத் தூக்கிப் பிடித்துக் கொள்ளும். கோளாறு தெரியாமல் போகும். ஓரத்து ரப்பரும் அப்படியே. முதலில் ரப்பர் இல்லாமல் பார்க்க வேண்டும். பிறகு புது ரப்பர் ஒட்டி மறுபடியும் பார்க்க வேண்டும். புது ரப்பர் தடிப்பாக இருந்தால் கதவை வெளியே தள்ளும்.

வேலை பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். நான்கு கதவு வண்டியில் முதலில் பின் கதவு. அதற்கு ஏற்ப முன் கதவு. கடைசியில் மட்கார்டும் பானட்டும். தலைகீழாகச் செய்தால், கடைசிச் சந்து ஒரு விரல் அகலத்தில் வாயைத் திறந்து கொண்டு நிற்கும்!

கீலுக்குப் பின்னால் மெல்லிய தகடு வைத்துத்தான் கதவைச் சரி செய்கிறார்கள். பட்டறையில் இதை 'ஷிம்' என்பார்கள். கீலில் 1 மில்லி மீட்டர் மாற்றினால், கதவின் மறு கோடியில் அது 2, 3 மில்லி மீட்டராக விரியும். ஆகவே பொறுமை வேண்டும்.

அளவு பார்ப்பது சுலபம். துளை போடும் 5 மில்லி மீட்டர் பிட்டின் வழுவழுப்பான தண்டு போதும். அதைச் சந்தில் விட்டு மேலிருந்து கீழே நகர்த்தினால் எங்கே இறுக்கம், எங்கே தளர்ச்சி என்பது தெரிந்து விடும். கடைசியில் கண்ணாடியும் பூட்டும் மாட்டி, வண்டியைத் தன் சக்கரத்திலேயே நிறுத்தி இன்னொரு முறை பார்க்க வேண்டும். கண்ணாடியின் பாரத்தில் கதவு சற்று இறங்கும். பெயிண்ட் ஏறினால் சந்து சற்றுக் குறுகும். இரண்டுக்கும் இடம் விட வேண்டும்.

பட்டி என்னும் பொய்

இத்தனை வேலை எதற்கு என்று சிலர் குறுக்கு வழியில் போகிறார்கள். அகலமான சந்தைப் பட்டியால் அடைத்து விடுகிறார்கள். தேய்த்து வழவழப்பாக்கிப் பெயிண்ட் அடித்தால் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

எத்தனை நாளைக்கு?

கதவு தினமும் திறந்து மூடும் பொருள். அடிக்கு அடி அதிரும். ஓரத்தில் தடிப்பாக வைத்த பட்டி வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் இறங்கும். உள்ளே துரு பிடிக்கும். சில மழைக்காலத்துக்குள் கொடுத்த காசு உதிர்ந்து கொட்டும். ஓரம் உண்மையிலேயே குறைவாக இருந்தால், மெல்லிய இரும்புக் கம்பியை வெல்டிங் செய்து, அரத்தால் ராவிச் சரி செய்வதே முறை. பட்டி மேடு பள்ளம் நிரவத்தான். இரும்பு செய்ய வேண்டிய வேலையை அது செய்யாது.

"அந்தக் காலத்திலேயே அப்படித்தான்!"

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. "தொழிற்சாலையிலிருந்து வந்த போதே இந்தக் கார்களின் சந்து கோணல்தான். இப்போது ஏன் இவ்வளவு பிடிவாதம்?" என்கிறார்கள்.

இதில் உண்மை இருக்கிறது. இன்றைய காரின் நூல் பிடித்த நேர்த்தியைப் பழைய காரிடம் எதிர்பார்ப்பது நியாயம் அல்ல. ஒரு மில்லி மீட்டர் கூடக் குறைய இருந்தால் குடி முழுகிப் போகாது. ஆனால் தொழிற்சாலை கொடுத்த கோணல் வேறு. துரு கொடுத்த கோணல் வேறு. முன்னது வண்டியின் பிறவிக் குணம். பின்னது வியாதி. குணத்தைப் பொறுத்துக் கொள்ளலாம். வியாதிக்குப் பெயிண்ட் மருந்தாகுமா?

தெரியாத வேலைக்கும் கூலி

குற்றம் முழுவதும் பட்டறைக்காரர் தலையில் சுமத்துவதும் சரி அல்ல. வண்டியின் சொந்தக்காரர் பெயிண்ட்டுக்கு மனம் கோணாமல் பணம் தருகிறார். கண்ணுக்குத் தெரிகிறதே! ஒரு கதவைப் பத்து முறை கழற்றிப் பத்து முறை மாட்டிய டிங்கருக்குத் தர மட்டும் கை வருவதில்லை. "இரண்டு நாளாக ஒரே கதவுதானா?" என்று சலித்துக் கொள்கிறார். கல்யாணத்துக்குள் வேண்டும், பொங்கலுக்குள் வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார். கூலியும் இல்லை, நாளும் இல்லை என்றால் டிங்கர் பட்டியைத்தான் எடுப்பார்.

ஆகவே ஒரு ஏற்பாடு நல்லது. கதவு பொருத்தும் வேலைக்குத் தனிக் கூலி பேச வேண்டும். பெயிண்ட் அடிக்கும் முன், வெறும் இரும்பாக இருக்கும் காரைச் சொந்தக்காரர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். திருப்தியானால் அந்தக் கூலியை அன்றே கொடுத்து விட வேண்டும். அதன் பிறகு நிறத்தைப் பற்றிப் பேசலாம்.

புதுப்பித்த பழைய காரை விலைக்கு வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். கதவைத் திறந்து, ஒரு விரலால் தள்ளினால் போதும். 'டக்' என்று மூடினால், உள்ளே வேலை நடந்திருக்கிறது. ஓங்கி அறைந்தால்தான் மூடும் என்றால், பணத்தை எடுக்கும் முன் அடிப்பெட்டியைக் குனிந்து பார்ப்பது நல்லது.

வெளுத்ததெல்லாம் பால் ஆகாது!