மறு அச்சைப் பதிப்பு என்று விற்காதீர்கள்

வலைப்பூ தொடங்கவும் இணையத்தில் எழுதவும் கற்றுத்தரும் கையேடுகளுக்கு ஒரு காலம் இருந்தது. அக்காலத்துக் கையேடு ஒன்றை இன்று எடுத்துவைத்துக்கொண்டு அதில் சொன்னபடியே ஒருவர் செய்யப் பார்த்தால், சில பக்கங்களுக்குள் முட்டிக்கொண்டு நிற்பார். பிறர் பதிவுகளைப் பின்தொடரக் கூகுள் ரீடரைத் திறக்கச் சொல்லியிருக்கும். அந்தச் சேவை 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. தேடலில் முன்னுக்கு வர 'மெட்டா கீவேர்டு'களை அடுக்கச் சொல்லியிருக்கும்; தரவரிசைக்கு அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. வேர்ட்பிரஸில் எங்கே சொடுக்குவது என்று படம் போட்டுக் காட்டியிருக்கும். 2018 டிசம்பரில் அதன் எடிட்டரே வேறு வடிவத்துக்கு மாறிவிட்டது.

தமிழில் எழுதுபவருக்கு இதற்கு மேலும் ஒரு சுமை. திஸ்கி, டாப், டாம் என்று குறியாக்கத்துக்கு ஓர் எழுத்துரு இருந்த நாட்களில், அவற்றை நிறுவுவதும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதுமே தனிக் கல்வியாக இருந்தது. யூனிகோடு பரவி, 2010-ல் தமிழக அரசும் அதை ஏற்றபின் அந்தப் பக்கங்கள் வரலாறாகிவிட்டன. வருமானம் பற்றிய பகுதியின் கதை இன்னும் விசித்திரம். தமிழ்ப் பக்கங்களைக் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் ஏற்றதே 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன் வந்த நூல் ஆட்சென்ஸை நம்பச் சொல்லியிருந்தால், அது தமிழ்ப் பதிவருக்கு எழுதிய நாளிலேயே பொருந்தவில்லை. ஆட்சென்ஸ் தமிழுக்குக் கிடையாது என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால் இன்று பொருந்தவில்லை.

பொத்தான் இடம் மாறியதால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. அரைநாள் வீணாகும், அவ்வளவுதான். சட்டம் பற்றிய அத்தியாயத்தை அப்படி விட்டுவிட முடியாது. இணையத்தில் எழுதுபவர் அஞ்ச வேண்டிய பிரிவு என்று ஒரு காலத்தில் எல்லோரும் சுட்டிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. அவதூறுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளைப் பார்க்கச் சொல்லும் நூல், 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு வந்துவிட்டதை அறியாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டம் வந்ததும் அதற்குத் தெரியாது. இந்த நூலை நம்பி ஒருவர் தேவையில்லாமல் பேனாவை மூடிவைக்கலாம், அல்லது மூட வேண்டிய இடத்தில் திறந்துவைக்கலாம்.

இதை மிகை என்று நினைப்பவர்கள் 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். ரத்தாகி ஆறு ஆண்டுகள் கடந்த 66ஏ பிரிவின் கீழ் காவல் நிலையங்கள் இன்னும் வழக்குப் பதிவு செய்வதைக் கேட்டு நீதிபதிகள் அதிர்ச்சி தெரிவித்தனர். அன்றைய அட்டர்னி ஜெனரல் கே.கே.வேணுகோபால் சொன்ன காரணம் அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் காதில் விழ வேண்டியது: சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு அப்படியே அச்சாகியிருக்கிறது, ரத்தான செய்தி அடிக்குறிப்பில்தான் இருக்கிறது, காவலர் பிரிவைப் பார்க்கிறார், அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை. சட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்த நிலை. அடிக்குறிப்புகூட இல்லாத கையேட்டை வைத்திருக்கும் கல்லூரி மாணவரின் கதி என்ன?

பழசாவது நூலின் குற்றமல்ல. அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஜின்சர் 1976-ல் 'ஆன் ரைட்டிங் வெல்' என்ற நூலை எழுதினார். 1983-ல் 'ரைட்டிங் வித் எ வேர்ட் பிராசசர்' என்று இன்னொன்றும் எழுதினார். இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை. முதல் நூல் இன்றும் விற்கிறது. இரண்டாவது நூல் அது விவரித்த இயந்திரத்தோடு பழம்பொருளாகிவிட்டது. கருவியைப் பற்றியது செத்தது, எழுத்தைப் பற்றியது பிழைத்தது என்று இதற்குச் சுலபமாக விளக்கம் சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். முதல் நூலை ஜின்சர் முப்பது ஆண்டுகள் திரும்பத் திரும்பத் திருத்தினார். அத்தியாயங்களைச் சேர்த்தார். வாசகரையும் எழுத்தாளரையும் ஆணாகவே பாவித்த வாக்கியங்களைத் தேடித் தேடி மாற்றினார். அந்த நூலின் நீண்ட ஆயுளில் இந்த உழைப்புக்கும் பங்கு உண்டு.

நம் பதிப்புலகம் இங்கேதான் வாசகரிடம் நேர்மையாக நடந்துகொள்வதில்லை. ஓர் எழுத்தும் மாறாமல் மீண்டும் அச்சிட்ட நூலுக்கு 'மூன்றாம் பதிப்பு', 'ஐந்தாம் பதிப்பு' என்று போடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. கதைக்கும் கவிதைக்கும் இதனால் கெடுதல் இல்லை. கையேட்டை வாங்குபவரோ சமீபத்திய ஆண்டைப் பார்த்து, உள்ளே இருப்பதும் சமீபத்தியது என்று நம்பிக் காசு கொடுக்கிறார். அதே சரக்கு, புதுத் தேதி. மருந்துக் கடையில் இப்படிச் செய்தால் உரிமம் பறிபோகும்.

ஆகவே செய்முறை நூல்களின் அட்டையிலேயே, கடைசியாகத் திருத்திய ஆண்டு இருக்க வேண்டும். திருத்தம் இல்லை என்றால் 'மறு அச்சு' என்று மட்டுமே போட வேண்டும். சட்டம் பற்றிய பகுதியைத் திருத்தாமல் மறு அச்சுக்கே அனுப்பக் கூடாது. திருத்த ஆளில்லை என்றால் அதை நீக்கிவிட்டு நூலை விற்கலாம்.

செலவு கட்டுப்படியாகாது என்பார்கள் பதிப்பாளர்கள். ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகளை மொத்தமாக அடித்துவிட்டு, அவை விற்றுத் தீரும்வரை காத்திருக்க வேண்டிய காலத்தில் இது நியாயமான பதில். இப்போது ஐம்பது பிரதி போதும் என்றாலும் அச்சிட்டுத் தர ஆள் இருக்கிறது. மின்னூலைத் திருத்தக் காகிதமே வேண்டாம். எழுதியவரிடம் ஒரு தொலைபேசி அழைப்பில், 'இதில் எது இன்னும் சரி?' என்று கேட்க எவ்வளவு செலவாகிவிடும்?

எல்லாம் யூடியூபில் இருக்கும்போது கையேடே எதற்கு என்ற வாதமும் உண்டு. காணொளியும் பழசாகத்தான் செய்கிறது. பத்தாண்டுக்கு முந்தைய விளக்கத்தையும் நேற்றையதையும் ஒரே வரிசையில் காட்டும் தேடல், இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை. தேதியை ஒளிக்காத புத்தகம் அதைவிடப் பயன்படும்.

இதில் அரசுக்கும் வேலை இருக்கிறது. தமிழ்ப் பதிப்பாளர்களில் பலர் எதிர்பார்த்திருப்பது நூலகங்களின் கொள்முதல் ஆணையைத்தான். செய்முறை நூல்களுக்கு மட்டுமாவது, கடைசியாகத் திருத்திய ஆண்டைக் குறிப்பிடாவிட்டால் வாங்குவதில்லை என்று பொது நூலகத் துறை ஒரு விதி வைத்தால், அட்டைகள் தாமாகவே மாறும். அடுக்கில் ஏற்கெனவே இருக்கும் பழைய கையேடுகளைக் கழித்துக்கட்ட வேண்டியதில்லை. இரவல் பிரிவிலிருந்து குறிப்புதவிப் பிரிவுக்கு மாற்றினால் போதும். திஸ்கி எழுத்துருவை நிறுவச் சொல்லித்தரும் பக்கம் எழுத வருபவருக்கு உதவாது. தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுத வருபவருக்கு அது வேண்டியிருக்கும்.