பூட்டு நம்ம வீட்டுல, சாவி யார் வீட்டுல?

"எங்கிட்ட மறைக்க என்னய்யா இருக்கு?" தனியுரிமைன்னு பேச்செடுத்தாலே எங்க ராஜபாளையத்துல வர்ற முதல் பதில் இதுதான். வாசல்ல அசல் ராஜபாளையம் நாயைக் கட்டி வச்சிருக்கற ஒருத்தரே இதைச் சொன்னார். அப்புறம் நாய் எதுக்குங்கன்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டார் :-)

மக்களே, விஷயம் ரகசியத்தைப் பத்தினது இல்லை. நம்ம வீட்டுக் காகிதமும் போட்டோவும் யார் கையில இருக்கு, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டா கிடைக்குமா, இவ்வளவுதான் கேள்வி.

சின்ன இடத்துலேருந்து ஆரம்பிப்போம். ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போங்க. "ஆதாரை இந்த நம்பருக்கு வாட்ஸப் பண்ணுங்க, பிரிண்ட் எடுத்துத் தர்றேன்"ம்பாங்க. அஞ்சு ரூபாய்க்கு வேலை முடிஞ்சுடும். ஆனா அந்தப் படம் அந்தக் கம்ப்யூட்டர்லயே கிடக்கும். நமக்கு முன்னாடி வந்தவரோட பேங்க் பாஸ்புக்கும் அங்கேயேதான் கிடக்கும். கடைக்காரர் நல்லவராவே இருக்கட்டும். அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய விலைக்கு வித்தா, வாங்கறவரும் நல்லவரா இருப்பாரா?

2022 மே மாசம் ஆதார் ஆணையத்தோட பெங்களூரு அலுவலகம் "ஆதார் நகலைக் கண்ட இடத்துல கொடுக்காதீங்க, கடைசி நாலு எண் மட்டும் தெரியற மறைத்த ஆதாரைக் கொடுங்க"ன்னு அறிக்கை விட்டுச்சு. ரெண்டே நாள்ல, தப்பாப் புரிஞ்சுக்க வாய்ப்பிருக்குன்னு அதை வாபஸ் வாங்கிட்டாங்க. நல்லவேளையா மறைத்த ஆதார் வசதி போகலை. அதை டவுன்லோடு பண்ணி வச்சுக்கங்க, காசு கிடையாது.

கடை சின்னது. பெரிய இடம் மட்டும் என்ன வாழுது? 2021ல தமிழ்நாட்டு ரேஷன் அட்டைதாரர்கள் சுமார் 50 லட்சம் பேரோட விவரம் ஹேக்கர்கள் கூடற தளத்துல கிடந்ததா செய்தி வந்துச்சு. அதுல ஆதார் எண், செல்ஃபோன் எண், குடும்ப விவரம் எல்லாம் அடக்கம். பாஸ்வேர்டுன்னா மாத்திடலாம். ஆதார் எண்ணையும் அப்பா பேரையும் எப்படிங்க மாத்தறது?

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. தனியுரிமை அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24ல உச்ச நீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதா தீர்ப்பு சொன்னாங்க. 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துச்சு, அரசாங்கத்துக்குத் தாராளமான விலக்கோட. சட்டம் வேணும்தான். ஆனா அது நடந்த திருட்டுக்குப் பஞ்சாயத்து. திருடு போகாம பாத்துக்கற வேலை நம்மளோடது.

சரி, திருட்டே நடக்கலைன்னு வச்சுக்குவோம். குஜராத்துல ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியர், தன்னோட சின்ன வயசுப் படங்களைக் கூகிள் டிரைவ்ல ஏத்தினார். அதுல ரெண்டு வயசுல பாட்டி குளிப்பாட்டற படம் ஒண்ணு. நம்ம வீட்டு ஆல்பத்துலயும் இருக்குமே, அதே மாதிரிதான். கூகிள் அதை ஆபாசம்னு முடிவு பண்ணிக் கணக்கையே முடக்கிடுச்சு. ஈமெயில் உள்பட எல்லாம் போச்சு. அவர் வழக்குப் போட்டு, 2024 மார்ச்ல குஜராத் உயர் நீதிமன்றம் கூகிளுக்கு நோட்டீஸ் அனுப்புச்சு. பாட்டி குளிப்பாட்டின படத்துக்காக ஹைகோர்ட் படி ஏறணும்னா, அந்த ஆல்பம் யாரோடது?

"அப்ப சுதேசிக்கு மாறிடுவோம்"னு 2025 செப்டம்பர்ல ஊரே அரட்டை ஆப்புக்குத் தாவுச்சு. பக்கத்துத் தென்காசியில ஆபீஸ் போட்டிருக்கற ஸோஹோ பண்ணது. எனக்கும் பெருமைதான். ஆனா அந்த நேரத்துல அதுல பேச்சுக்கு மட்டும்தான் முழு மறையாக்கம் இருந்துச்சு, எழுதி அனுப்பற செய்திக்கு இல்லை. இந்த ஓட்டை தெரியவந்து நாலு பேர் கேட்டதுனாலதான் அதைக் கொண்டுவர்றோம்னு அவங்க சொல்ல வேண்டி வந்துச்சு. நம்ம ஊர்க்காரர் வச்சிருக்கற பெட்டின்னாலும், சாவி அவர்கிட்ட இருந்தா அது அவர் பெட்டிதான்.

கட்டற்ற மென்பொருள் இங்கதான் வேறுபடுது. பால்கோவா கிண்டற அடுப்பங்கரைக் கதவைத் திறந்து வச்ச மாதிரி. எல்லாரும் போய் எட்டிப் பாக்க மாட்டோம். ஆனா எட்டிப் பாக்கறவங்க நாலு பேர் இருப்பாங்கன்னு தெரிஞ்சா மைதா கலக்கப் பயம் வரும். சிக்னல் அப்படித்தான், அதோட மூலநிரலை யார் வேணா படிக்கலாம்.

அடுத்தது சொந்த செர்வர். பேரைக் கேட்டு மிரளாதீங்க. 8 ஜிபி ராம் இருக்கற பழைய லேப்டாப் போதும். லினக்ஸ் போட்டு, போட்டோவுக்கு இம்மிச், ஃபைலுக்கு நெக்ஸ்ட்கிளவுட். ரெண்டும் கட்டற்ற மென்பொருள். போன்ல எடுக்கற படம் தானா வீட்டுக்கு வந்து சேரும். இம்மிச் முகம் பாத்துப் பிரிக்கறதைக்கூட உங்க மெஷின்லயே பண்ணும். வெளியூர்லேருந்து பாக்க வயர்கார்ட் மாதிரி ஒரு விபிஎன் வேணும். 15 வாட் இழுக்கற மெஷின் ரெண்டு மாசம் அணையாம ஓடினாலும் 22 யூனிட்டைத் தாண்டாது. லேப்டாப் பேட்டரி உயிரோட இருந்தா, கரண்ட் கட்டுக்கு யூபிஎஸ்ஸும் அதுவே.

ஒண்ணை மட்டும் மறக்காதீங்க. ஹார்ட் டிஸ்க் ஒருநாள் சாகும். கூகிள் நம்ம படத்தைப் பத்து இடத்துல வச்சுக் காப்பாத்தும், நாமதான் ஒரே இடத்துல வச்சுட்டு அழுவோம். என் ஏற்பாடு சொல்றேன்: மூலம் ராஜபாளையத்துல, மறையாக்கம் பண்ணின நகல் ஸ்ரீவில்லிபுத்தூர்ல தங்கச்சி வீட்டுல, ராத்திரி ராத்திரி தானா போயிடும். நடுவுல 12 கிலோமீட்டர்தான். ஆனா ஒரு வீட்டுல தண்ணி புகுந்தாலோ திருடு போனாலோ இன்னொரு வீடு இருக்கு.

"இதெல்லாம் கம்ப்யூட்டர் தெரிஞ்ச உனக்குச் சரி, மில்லுக்குப் போயிட்டு வர்ற எனக்கு?" நியாயமான கேள்வி. வீட்டுக்கு ஒரு செர்வர்ங்கறது எனக்கே நடக்கற காரியமாத் தெரியலை. ஆனா ஸ்ரீவில்லிபுத்தூரைப் பாருங்க. மாடு வச்சிருக்கற ஒவ்வொருத்தரும் பால்கோவாக் கடை போடலை. கூட்டுறவுச் சங்கத்துல பாலை ஊத்தினாங்க. 2019ல புவிசார் குறியீடு வாங்கற அளவுக்கு அந்தப் பேர் வளந்ததுல சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பால் எங்க போகுதுன்னு கேக்க உறுப்பினருக்கு உரிமை இருந்துச்சு, அதுதான் முக்கியம்.

அதே மாதிரி பத்து வீட்டுக்கு ஒரு செர்வர் போதும். தெரிஞ்சவர் ஒருத்தர் பாத்துக்கட்டும், செலவை மத்தவங்க பங்கு போட்டுக்கட்டும். அவரையும் கண்ணை மூடி நம்ப வேணாம். நகலை எப்ப வேணா எடுத்துக்கிட்டு வெளியேறலாம்ங்கற உரிமையை முதல்லயே பேசி வச்சுக்கங்க. வழி காட்ட கணியம் தளம் 2012லேருந்து தமிழ்லயே கட்டற்ற மென்பொருள் பத்தி எழுதிட்டு வருது. விழுப்புரத்துல லினக்ஸ் பயனர் குழு இருக்கு. நம்ம ரெண்டு ஊருக்கும் சேத்து ஒண்ணு ஆரம்பிச்சா என்ன?

நான் ரெடி. இந்தப் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இருந்தா கை தூக்குங்க. முதல் கூட்டத்துக்குப் பால்கோவா என் செலவு.

டிஸ்கி: செர்வர் எல்லாம் அப்புறம். அடுத்த தடவை ஜெராக்ஸ் கடைக்குப் போனா, பிரிண்ட் கைக்கு வந்ததும் "அண்ணே, அந்த ஃபைலை அழிச்சிடுங்க"ன்னு சொல்லிட்டு, அழிக்கற வரைக்கும் நின்னு பாத்துட்டு வாங்க.