இறக்கைமேல் ஒட்டும் சின்னத் தகடுகள்

சில சிறிய விமானங்களின் இறக்கைமேல், முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால், ஒரு விரல் அகல உயரம்கூட இல்லாத தகடுகளை வரிசையாக ஒட்டியிருப்பார்கள். 'வோர்டெக்ஸ் ஜெனரேட்டர்' என்று பெயர். சுழித்தகடு என்று வைத்துக்கொள்வோம். நம் பிள்ளைகள் பறக்கக் கற்கும் பழைய விமானங்களிலும் இது இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

செட்டிகுளத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். 2025 நவம்பரில் சேலத்துப் பயிற்சி விமானம் ஒன்று திருச்சி–புதுக்கோட்டை சாலையில், நார்த்தாமலைப் பக்கம் அவசரமாக இறங்கியதே, அது நமக்கு ரொம்பத் தூரமா? நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வேகம் குறைந்து இறக்கை தாங்காமல் போவதை ஆங்கிலத்தில் 'ஸ்டால்' என்பார்கள். கேட்பவர்கள் என்ஜின் நின்றுவிட்டது என்றே நினைக்கிறார்கள். பிரெஞ்சில் அதற்கு 'தெக்ரோஷாழ்' என்று பெயர், கொக்கியிலிருந்து கழன்றுகொள்வது. இதுதான் பொருத்தமான சொல். என்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இறக்கையின் மேல்புறத்தை ஒட்டி ஓடிய காற்றுதான் பிடியை விட்டுவிடுகிறது.

வாய்க்காலைப் பாருங்கள். நடுவில் தண்ணீர் வேகமாகப் போகும், கரையோரம் சோம்பலாக நகரும். காற்றும் அப்படித்தான், இறக்கையை ஒட்டிய மெல்லிய அடுக்கு சோம்பேறி. மூக்கைத் தூக்கி மெதுவாகப் பறக்கும்போது அந்த அடுக்கு களைத்துப்போய்ப் பிய்த்துக்கொள்கிறது. காற்றோட்டத்துக்குச் சற்றே சாய்வாக ஒட்டிய தகடு ஒவ்வொன்றும் ஒரு சுழியைக் கிளப்பி, மேலே ஓடும் வேகக் காற்றை இழுத்து அந்தச் சோம்பேறிக்குள் கலக்கிறது. அதனால் விமானம் இன்னும் குறைந்த வேகத்திலும் தாங்கும். கைப்பிடியைத் திருப்பினால் இறக்கை பேச்சைக் கேட்கும். 1947இல் அமெரிக்காவில் ஹெச்.டி. டெய்லர் என்பவர் விரிந்துபோகும் காற்றுக்குழாய் ஒன்றில் காற்று பிய்த்துக்கொள்வதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது. நம் மலைக்கோயில் பருந்து அவருக்கு வெகுகாலம் மூத்தது. இறங்கும்போது இறக்கை வளைவில் கட்டைவிரல்போல ஒரு சின்னச் சிறகுக் கொத்தைத் தூக்கும், கவனித்திருக்கிறீர்களா?

பயிற்சியில் பயப்படவேண்டிய இடம், இறங்குவதற்கு முன் ஓடுதளத்தை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பம். 45 பாகை சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பினால், கழன்றுகொள்ளும் வேகம் 19 சதவீதம் கூடிவிடும். அங்கே கழன்றால் சமாளிக்க உயரம் கிடையாது. வயலிலோ சாலையிலோ இறங்க நேர்ந்தாலும் கணக்கு வேகத்தின் வர்க்கத்தில்தான். 50 நாட் என்பது 45 ஆனால், மோதலின் சக்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

'விமானம் இப்படிப் பொறுத்துப்போனால் பையன் அசட்டையாகிவிடுவான்' என்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. தகடு ஒட்டினாலும் இறக்கை கழலத்தான் செய்யும், கொஞ்சம் தாமதமாக. அதிலிருந்து மீளும் பாடத்தை உயரத்தில் வைத்து ஆசிரியர் எப்படியும் நடத்தியாகவேண்டும். தலைக்கவசம் போட்டவனெல்லாம் தாறுமாறாகவா வண்டி ஓட்டுகிறான்?

பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகம் தன் புதிய இரண்டு இருக்கை ஹன்சா விமானத்தை 2022 பிப்ரவரி 19இல் எங்கள் புதுச்சேரிக்குக் கொண்டுவந்து, மார்ச் 5 வரை 18 மணி நேரம் கடல்மட்டத்தில் பறக்கவிட்டுச் சோதித்தது. சொன்னபடி கேட்கிறதா என்பதும் அந்தச் சோதனையில் அடக்கம். புதியதற்கு இத்தனை அக்கறை காட்டும் நாடு, பள்ளிகளில் ஓடும் பழைய விமானங்களையும் கொஞ்சம் கவனிக்கலாம். ஃபெவிகால் வாங்கி ஒட்டுகிற வேலை இல்லைதான். விமான வகைக்கேற்ற வரைபடம் வேண்டும், டி.ஜி.சி.ஏ. ஒப்புதல் வேண்டும். கோப்பு நகரும் வேகத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டால்தானே கோப்பே பிறக்கும்?

காட்டை அடகு வைத்துப் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் கட்டணத்தையும் விடுதியையும் விசாரிக்கிறார்கள். விமானத்தின் பக்கத்தில் போய் இறக்கையையும் ஒருமுறை பாருங்கள். தகடு இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை, எத்தனை நாட்டில் இது கழன்றுகொள்ளும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் பள்ளியில் பணம் கட்டாதீர்கள்.