அட்டையில் பனிமலை, உள்ளே எங்கள் ஏரி

என் நண்பர், ஓய்வு பெற்ற ஆசிரியர், எங்கள் ஊர் ஏரியைப் பற்றிப் புத்தகம் போட்டார். மதகு, கலங்கல், தூர்வாரிய கதை, தண்ணீர்ச் சண்டை என்று எட்டு வருடம் கிழவர்களைத் தேடித் தேடிக் கேட்டு எழுதியது. புத்தகம் வந்தது. அட்டையில் பனிமலை, ஊசியிலை மரங்கள், நீல நீர். இணையத்தில் எடுத்த படமாம். "பார்க்க ரிச்சா இருக்கு சார்" என்றாராம் அட்டை செய்த தம்பி. எங்கள் ஏரியில் சித்திரையில் கருவேலமும் மாடும்தான் நிற்கும்!

நான் அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. உள்ளே ஒரு பக்கமாவது படிக்கக் கொடுத்தார்களா அவரிடம்? தலைப்பையும் அளவையும் சொல்லி "நாளைக்கே வேணும்" என்றால் இப்படித்தான் வரும்.

சத்யஜித் ரே சினிமாவுக்கு வருமுன் கல்கத்தாவில் சிக்னெட் பிரஸ்ஸுக்கு அட்டை வரைந்தவர். ஜிம் கார்பெட்டின் குமாவுன் புலிகள் நூலின் வங்காளப் பதிப்புக்கு அட்டை முழுவதும் புலித்தோல். ஒரு பக்கம் குண்டு நுழைந்த சின்ன ஓட்டை, மறுபக்கம் வெளியேறிய பெரிய ஓட்டை. அவ்வளவுதான். வேட்டைக்கதை என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா? படித்தவருக்குத்தான் இது தோன்றும்.

எழுத்து விஷயம் இன்னும் மோசம். நம் ஓவியர் ஆதிமூலம் தலைப்பைக் கையால் எழுதினால் அதுவே ஒரு படம். இப்போது கணினியில் எழுத்தை இழுத்து, நசுக்கி, நிழல் போட்டு, படத்தின் மேலேயே ஏற்றிவிடுகிறார்கள். தமிழில் புள்ளி போனால் சொல்லே போய்விடும். 'பல்' 'பல' ஆகும். நண்பர் புத்தகத்தில் பனியின் வெள்ளையில் வெள்ளைப் புள்ளிகள் கரைந்தே போயின. முதுகில் பெயர் எறும்பு அளவு. அலமாரியில் முதுகுதானே ஐயா தெரியும்?

"செல்போனில் சின்னதாகத்தான் பார்க்கிறார்கள், பளிச்சென்று இருக்க வேண்டும்" என்பார்கள். சரி. அப்படியானால் எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், படத்தில் நாலு சாமானுக்குப் பதில் ஒன்றை வையுங்கள். சின்னதாகப் பார்த்தாலும் தெரியும்.

நண்பர் வீட்டுக் கட்டிலுக்கடியில் இன்னும் கட்டுக்கட்டாகப் புத்தகம் கிடக்கிறது. ஏதோ சுற்றுலாப் புத்தகம் என்று எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்களாம். பழைய மதகின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. மேலுறை மட்டும் அடித்துச் சுற்றலாம், பாதிச் செலவு என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றார்.